எட்டு குறைத்ததும் கிளம்பிய மலை

மமதா வரைந்த சயனைடு மலை நிலா வெளிச்சத்தில் மிதந்தது. உண்மையில் அது தங்கச் சுரங்கத்து மண்மேடுதான். படத்தில் மட்டும் வெள்ளை மேகம்போல் தரையைத் தொடாமல் நின்றது.

மாலை ஐந்து மணிக்குள் அது ஓவியப் போட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். மமதா வீட்டில் இணையம் இல்லை. அதனால் ஸ்கெலட்டன் என்ற குடியிருப்பில் இருக்கும் தோழி ஜெனிட்டா வீட்டுக்கு வந்திருந்தாள்.

மணி நாலேகால். படத்தைக் கேமராவில் எடுத்துக் கம்ப்யூட்டரில் அனுப்பினார்கள். மூன்று முறை அனுப்பியும் பாதியில் நின்றது.

"சின்ன மெசேஜ் போவுது. படம்தான் போவல," என்றாள் ஜெனிட்டா.

"விடுடி. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." மமதா படத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

வீட்டில் இருந்த டக்ளஸ் மாமாவிடம் பட்டன் போன்தான்; அதில் படம் அனுப்ப முடியாது. டெலிபோன் ஒயரில் இணையம் தரும் புது மோடத்தைப் போன வாரம் மாட்டியவரும் அவரே. ஜெனிட்டா அதன் செட்டிங்கைத் திறந்தாள். 'ஒரு பொட்டலத்தின் அளவு: 1500' என்றிருந்தது. எந்தப் படமும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்துதான் ஒயரில் போகும்.

"இந்த நம்பர் யார் மாமா போட்டது?"

"நான்தான். இருக்கறதுலயே பெரிய நம்பர். இன்னா, போதலையா?"

ஜெனிட்டா கண்ணை மூடினாள். மலையும் நிலாவும் துண்டு துண்டாகி, சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கூண்டுகள் போன்ற குட்டிக் குட்டி கேஜ்களில் ஏறின. ஒயருக்குள் மெல்ல இறங்கப் பார்த்தன. ஆனால் ஒரு கேஜுக்கும் கதவு மூடவில்லை.

"மாமா, மைன்ஸ் கேஜ்ல ஆளுங்களோட டிபன் கேரியரும் இடம் எடுக்கும் இல்ல?"

"பின்ன? அதையும் சேத்துதான் ஆள் ஏத்துவாங்க."

"அப்போ இந்தப் பொட்டலத்துக்கும் கையில ஏதோ சாமான் இருக்குது."

பள்ளியில் கற்ற 'பிங்' சோதனையை ஆரம்பித்தாள். 1400 அளவில் ஒரு பொட்டலம் அனுப்பினாள். பதில் வந்தது. 1490, வந்தது. 1493, காணவில்லை. 1492, திரும்பி வந்தது. எல்லாவற்றையும் மமதா நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"1500ல எட்டுதான் ஜாஸ்தி. அது அந்தச் சாமானோட எடம்," என்றாள் ஜெனிட்டா.

"எட்டுக்காகவா இவ்ளோ அழுதேன்?"

"நீ எங்கடி அழுத?"

"உள்ளுக்குள்ள."

ஜெனிட்டா செட்டிங்கில் 1492 என்று மாற்றினாள். மோடத்தின் விளக்குகள் அணைந்து, ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. மணி நாலு ஐம்பது. இந்த முறை படம் பாதியில் நிற்காமல் ஓடியது. 'படம் கிடைத்தது' என்று பதிலும் வந்தது.

"பெரிய நம்பர் போட்டா நல்லதுன்னு நெனச்சேனே," என்று தலையைச் சொறிந்தார் மாமா.

மமதா தன் படத்தை மடியில் விரித்துப் பார்த்தாள்.

"மலை இங்கயும் இருக்குது, அங்கயும் இருக்குது," என்றாள் மெதுவாக.


சுருட்டி வைக்க மனம் வராமல், வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.