மூன்றாவது அடி

"கடைசி வரிசை தெரியுதா?"

"தெரியுது... ச, ட, ம, ழ."

வெளியே மழை கொட்டியது. கண் மருத்துவன் சிறு விளக்கோடு அவள் முகத்தருகே குனிந்தான். இவ்வளவு பக்கத்தில் யாரும் அவள் கண்களைப் பார்த்ததில்லை.

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லைங்க. நேத்து பாஸ்கெட்பால் மேட்ச்ல ரெஃப்ரியா நின்ன அம்மாவைத்தான் இங்க கூட்டிட்டு வரணும்! கடைசி மூணு செகண்ட்... பந்தைத் தட்டாம மூணு அடி நடந்து போய்ப் போடுறான். அரங்கமே கத்துது. அந்தம்மா வாயில விசில் சும்மா கெடக்கு!"

"அந்தம்மா நான்தான்."

அவன் விளக்கை அணைத்தான்.

"ரெண்டு அடி பாத்தேன். மூணாவதை இன்னொருத்தன் முதுகு மறைச்சுடுச்சு. கண்ணுல கோளாறோன்னுதான் வந்தேன். இல்லைங்கறீங்க. அப்போ நான் நின்ன இடம்தான் தப்பு."

"ஐயோ... மன்னிச்சிடுங்க. தோத்த டீமோட கோச் என் அண்ணன். அந்த வயித்தெரிச்சல்ல..."

அவள் விறுவிறுவென்று வெளியேறினாள்.

தவறை அவளே நடுவர் சங்கத்தில் எழுதிக் கொடுத்தாள். பெரிய ஆட்டங்களிலிருந்து இரண்டு மாதம் ஒதுக்கி வைத்தார்கள். அவள் ஒதுங்கவில்லை. ஞாயிறுதோறும் கல்லூரிப் பெண்களின் ஆட்டங்களுக்கு விசில் ஊதி, எங்கே நின்றால் கால் தெரியும் என்று பழகினாள். மூன்றாவது ஞாயிறு, பார்வையாளர் வரிசையில் அவன்!

"தட்டாம மூணு அடி வெச்சாளே, அது டிராவலிங் இல்லையா மேடம்?"

"பந்தைப் பிடிக்கும்போது தரையில இருந்த காலைக் கணக்குல சேர்க்க மாட்டோம். படிச்சவர்தானே நீங்க?"

சண்டை வாராவாரம் தொடர்ந்தது... சிரிப்பும்தான். ஒருநாள் அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"சொல்லாதீங்க!" அவள் கையை நீட்டித் தடுத்தாள். "உங்க அண்ணன் டீமுக்கு நான் ஒரு தடவையாவது மறுபடி விசில் ஊதணும். நீங்க சொல்லிட்டா கோச் வீட்டோட உறவுன்னு ஆயிடும், விதிப்படி ஊத முடியாது. அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க."

அவன் வரவில்லை. காலியாகக் கிடந்த அந்த இருக்கையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்தே பார்த்தாள்.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம். அண்ணனின் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசி நொடியில் அவர்களுடைய ஆட்டக்காரன் பாய்ந்தான். அவள் ஏற்கெனவே பக்கவாட்டுக்கு ஓடியிருந்தாள். ஒன்று... இரண்டு... மூன்று.

விசில்!

கூடையில் விழுந்த பந்து செல்லாது. அண்ணன் சீறிக்கொண்டு வந்தார். அரங்கத் திரையில் அதே காட்சி மீண்டும் ஓடியது. நின்றார்.

"மூணுதான்மா..." என்று முனகிவிட்டுத் திரும்பிப் போனார்.

மறுநாள் மாலை அவள் கிளினிக் கதவைத் தள்ளினாள்.

"காலையில சங்க ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டேன். இனி உங்க அண்ணன் டீமுக்கு நான் விசில் ஊத மாட்டேன்."

அவன் பதறினான். "ஏங்க? அண்ணன் ஏதாவது சொன்னாரா?"

"அவர் ஒண்ணும் சொல்லல. காரணம் எழுதுன்னு படிவத்துல ஒரு கட்டம் இருந்துச்சு..."

"என்ன எழுதினீங்க?"

"பயிற்சியாளரின் தம்பியை விரும்புகிறேன்." கன்னம் சிவந்தாலும் கண்கள் தாழவில்லை. "உங்களைக் கேக்காம எழுதிட்டேன். தப்புன்னா இப்பவே சொல்லுங்க, போயிடறேன்."

"போயிடாதீங்க..." என்றான் அவன். "ஆறு மாசமா நான் சொல்ல முடியாம தவிச்சதைத்தான் எழுதியிருக்கீங்க."