மூன்று ஓட்டைகள்

காலை ஏழு மணி நாற்பத்தொன்று.

மான் வேட்டை தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வெண்டல் க்ராட்ஸின் துப்பாக்கிக் கடையில் போன் அடித்தது.

"வெண்டல், லோர்னா பேசறேன்."

மாவட்டப் போலீஸை நடத்தும் ஷெரிஃப். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு முன் பெஞ்ச்.

"சொல்லு. மான் விழுந்துச்சா?"

"எண்பது கஜத்துல நின்னுச்சு. கோட்டை விட்டுட்டேன். என் கை இருக்கற லட்சணம். அதை விடு... ரஸ் எபர்சோல் செத்துட்டான்."

வெண்டலின் கையில் காபிக் கோப்பை நின்றது.

"எப்படி?"

"நெஞ்சுல ஸ்லக் குண்டு. சுட்டது அவன் மச்சான் கேரி ப்ளாங்க். மானைத்தான் குறி பார்த்தானாம். குண்டு மூணடி வலது பக்கம் போயிடுச்சாம். நீ மாட்டின ஸ்கோப் கோணல்ங்கறான்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். ஸ்கோப், துப்பாக்கி மேல் உட்காரும் சின்னத் தொலைநோக்கி, அவன் மாட்டியதுதான்.

"துப்பாக்கியோட வரேன். கடையை மூடிட்டுப் போயிடாத."

மூடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தான்.

இந்த மாவட்டத்தில் மானுக்கு ரைஃபிள் கூடாது. ஷாட்கன்தான். அதில் கட்டைவிரல் பருமனில் ஒற்றைக் குண்டு. ஸ்லக். மூன்று வாரம் முன்பு கேரி வந்து நின்றான்.

"நூறு கஜம் போகணும் வெண்டல். என்ன போடலாம்?"

"வழுவழு குழலைத் தூக்கிப் போடு. உள்ள வரி வெட்டின குழல் வாங்கு. ஸ்கோப்பைக் குழல் மேலேயே உட்கார வச்சுடறேன். கழட்டி மாட்டினாலும் குறி நகராது."

அந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்தான். ஒவ்வொரு திருகிலும் பசை வைத்து முறுக்கினான். பாக்கி ஒன்றுதான். கடைக்குப் பின்னால் போய், நூறு கஜத்தில் சுட்டு, ஸ்கோப்பைத் திருகிக் குறியை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கடைசி மூன்று ஓட்டைகள் விழுந்த பேப்பரைக் குழலில் ரப்பர் பேண்டு போட்டுக் கொடுக்க வேண்டும். அது கடை வழக்கம்.

சனிக்கிழமை முப்பத்தொரு துப்பாக்கிகள் காத்திருந்தன. சுட்டுச் சுட்டுத் தோள் வீங்கியிருந்தது.

வேறொரு துப்பாக்கியின் பேப்பரை எடுத்துக் கட்டிவிட்டான்.

துப்பாக்கியை வாங்க வந்த கேரி குழலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தான்.

"என்னப்பா இவ்ளோ பளபளன்னு இருக்கு. சுட்ட குழல் மாதிரியே இல்லையே."

"துடைச்சு வச்சேன்."

ஒரே நாளில் இரண்டு பொய்.

கவுன்ட்டரில் ஒரு தட்டு கழுவாமல் கிடந்தது. தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று ரஸ்ஸின் மனைவி பெக் கொடுத்தனுப்பிய பூசணிப் பலகாரம் வந்த தட்டு. மீதியை இன்று காலையில்தான் தின்று முடித்தான்.

வாயைத் திறந்தால் லைசென்ஸ் போகும். கடை போகும். திறக்காவிட்டால் கேரி உள்ளே போவான். பெக்குக்குப் புருஷனும் இல்லை, அண்ணனும் இல்லை.

லோர்னா வந்தாள். சீருடைக்கு மேல் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டை. துப்பாக்கியைக் கவுன்ட்டரில் வைத்தாள். ஸ்கோப்பில் நீளமாக ஒரு கீறல்.

"பதட்டத்துல மரப்பரண்ல இருந்து கீழ போட்டுட்டானாம்."

பையிலிருந்து பேப்பரை எடுத்தாள். மூன்று ஓட்டைகள்.

"இது நீ சுட்டதுதானே?"

ஆமாம் என்றால் போதும்.

"இல்ல."

"என்ன இல்ல?"

"இது வேற துப்பாக்கியோட பேப்பர். இதை நான் ஒரு தடவைகூடச் சுடல. நேரமில்ல லோர்னா... ரஸ்ஸைக் கொன்னது கேரி இல்ல. நான்."

அவள் தொப்பியைக் கழற்றி வைத்தாள்.

"எழுதிக் கொடுப்பியா?"

"கொடுக்கறேன்."

"சரி. எவ்வளவு கோணல்னு முதல்ல பார்த்துடலாம். லேபுக்கு அனுப்பினா மூணு வாரம் ஆகும்."

கடைக்குப் பின்னால் தரை உறைந்து கிடந்தது. வெண்டல் மணல் மூட்டையில் துப்பாக்கியை வைத்துச் சுட்டான். லோர்னா பைனாகுலரில் பார்த்தாள்.

"நடுவுல."

மறுபடி சுட்டான்.

"நடுவுல."

மூன்றாவது.

"மூணு ஓட்டையையும் ஒரு உள்ளங்கையால மறைச்சுடலாம் வெண்டல்."

அவனுக்கு மூச்சு வந்தது. நான் இல்லை. நான் இல்லை...

வந்த மூச்சு பாதியில் நின்றது.

"லோர்னா. புதுசா மாட்டின ஸ்கோப் தானா நடுவுல அடிக்காது. யாரோ உட்கார்ந்து, சுட்டுச் சுட்டுத் திருகியிருக்கான்."

"இன்னிக்குச் சுட்ட ஒரு குண்டுதான், அதுக்கு முன்னாடி தொடவே இல்லன்னு சத்தியம் பண்ணானே?"

"குழலுக்குள்ள பார்த்தான்... நான் சுடலைன்னு அன்னிக்கே அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"கேட்டா நீ ஒத்துக்குவேன்னும் தெரிஞ்சிருக்கு. உன் பொய்யும் வேணும், உன் மனசாட்சியும் வேணும் அவனுக்கு."

"அப்போ அந்த ஓடைக்கரை நிலத் தகராறுதான்..."

"ரஸ்ஸுக்கும் அவனுக்கும் எட்டு வருஷச் சண்டை. ரெண்டு பேரும் சமாதானமா ஒண்ணா வேட்டைக்குப் போறாங்கன்னு ஊரே சந்தோஷப்பட்டுச்சு."

கீறலை விரலால் தடவினாள்.

"சுட்டதும் ஸ்கோப்பைக் கோணலாத் திருகி வைக்க நேரமில்ல. பக்கத்து வயல்காரங்க ஓடி வந்துட்டாங்க. கீழ போட்டா நகர்ந்துடும்னு நினைச்சிருக்கான். ஏன் நகரல?"

"பசை போட்டு முறுக்கினேன்."

"அதையாவது செஞ்சியே."

வயர்லெஸ்ஸில் தன் ஆளைக் கூப்பிட்டாள்.

"கேரியை எங்கயும் விடாத. சூடா காபி கொடு. பாவம்னு சொல்லிக்கிட்டே இரு. வந்துடறேன்."

காரை நோக்கி நடந்தாள். வெண்டல் துப்பாக்கியை உறையில் போட்டுக் கொண்டு பின்னால் போனான். பெக்கின் தட்டைக் கழுவ வேண்டும். யார் கையில் கொடுத்தனுப்புவது? அவளை எப்படிப் பார்ப்பது?

கார் கதவைப் பிடித்தபடி லோர்னா நின்றாள்.

"வெண்டல்."

"ம்?"

"எண்பது கஜம். அசையாம நின்னுச்சு. காலையில இருந்து என் கையைத் திட்டிக்கிட்டு இருக்கேன்... போன வாரம் என் துப்பாக்கியிலயும் ஒரு பேப்பர் கட்டிக் கொடுத்தியே, அது யாரோடது?"