மடி மாறிய பிள்ளை

காலையில் செய்தித்தாள் வந்து விழுந்ததிலிருந்தே அந்த வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். 'அம்மா என்னைப் பெத்தாங்க. வளர்க்கல.' சொன்னவன் அவளுடைய ஒரே மகன். நாட்டின் முதல் பெண் சட்ட அமைச்சர் அவள். கணவனை இழந்தவளை அவன் வீட்டிலிருந்து எவரும் வெளியே தள்ளக் கூடாது என்கிற மசோதா அன்றைக்குத்தான் வாக்கெடுப்புக்கு வருகிறது. தேதி தெரிந்தேதான் பேட்டி கொடுத்திருந்தான்.

போதாக்குறைக்குக் காரை எடுத்துக்கொண்டு அவனே வந்து நின்றான்.

"அத்தை, பெட்டியை எடுங்க. இனிமே நீங்க என் வீட்லதான்."

அத்தை என்றால் மறைந்த அவளுடைய கணவரின் அக்கா; அவளுக்கு அண்ணி. மகன் தனி வீடு போன பிறகு அந்த வீட்டில் இருந்தவர்கள் அண்ணியும் அவளும் மட்டும்தான். இப்போது அந்தத் துணையும் போகப்போகிறது. நின்றபடியே காப்பியைக் குடிக்கப் பார்த்தாள். தம்ளரை அப்படியே மேசையில் வைத்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள் பொறுக்கக் கூடாதாப்பா?"

"உங்களுக்கு என்னைக்குத்தான் ஓய்வு? எனக்குக் காய்ச்சல் வந்தப்ப சபை. பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கினப்ப சபை. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னு நின்னு எனக்குக் கையே மரத்துப்போச்சு! ஊர்ப் பொம்பளைங்களுக்கெல்லாம் நியாயம் கேக்கறீங்களே... எனக்கு எங்க போய்க் கேக்கறது?"

"டேய், உனக்கு ஒண்ணும் தெரியாது..." என்று அண்ணி ஆரம்பித்தார்.

"அண்ணி, வேண்டாம்!"

அவள் இடைமறித்தாள். அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "வரேன்டா. ஆனா இவ சபையில பேசறதை ஒரு தடவையாவது நேர்ல பார்த்துட்டு வரேன். என்னை அங்க கூட்டிட்டுப் போ."

சபையில் அவள் எழுந்ததுமே எதிர்வரிசை மூத்தவர் செய்தித்தாளைத் தூக்கிக் காட்டினார்.

"தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்பாங்க. பெத்த பிள்ளைக்கே ஆடாத சதை ஊர்ப் பெண்களுக்கு ஆடுதாம்! சொந்த வீட்டைக் கவனிக்காதவங்க அடுத்தவன் வீட்டுக்குச் சட்டம் போட வந்துட்டாங்க!"

சிரிப்பு வெடித்தது. அவளுடைய கட்சிக்காரர்களே தலையைக் குனிந்து சிரித்தார்கள். அவள் நிமிர்ந்து பார்வையாளர் மாடத்தைப் பார்த்தாள். முதல் வரிசையில் அண்ணி. பக்கத்தில் மகன்.

ஒரே ஒரு வார்த்தை போதும், அத்தனை வாயும் அடைத்துப்போகும். அந்த வார்த்தை அண்ணியின் மானம்.

"என் வீட்டைப் பத்தி இங்க பேச ஒண்ணும் இல்ல. மசோதாவுக்கு வாங்க," என்றாள். பேசி முடித்து உட்கார்ந்தாள். வாக்கெடுப்புக்கு முன் சபை சற்று நேரம் ஒத்திவைக்கப்பட்டது. மகனைத் தேடித் தாழ்வாரத்துக்கு ஓடினாள்.

அங்கே மகன் குரல் கேட்டது.

"பார்த்தீங்களா அத்தை? பதில் சொல்ல முடியல. உண்மை சுடும் இல்ல?"

"வாயை மூடுடா!"

நினைவு தெரிந்ததிலிருந்து அவனை அதட்டாத அத்தை!

"உன் மாமா செத்து ஒரு மாசம் ஆகல. அவர் தம்பிங்க என்னைத் தெருவுல தள்ளிக் கதவைச் சாத்தினாங்க. உடுத்தின துணியோட உங்க வீட்டுக்கு வந்தேன். ரெண்டு தடவை ஆத்துப் பாலத்துக்குப் போனேன்டா... சாகறதுக்கு! ரெண்டு தடவையும் உன் அம்மாதான் பின்னாலயே ஓடிவந்து இழுத்துட்டு வந்தா. அவ முதல் தடவை ஜெயிச்ச நேரம் அது. தலைநகர்ல வீடு பார்த்து, உன்னைப் பார்த்துக்க ஆளும் வச்சிருந்தா. எல்லாத்தையும் வேண்டாம்னுட்டு, உன்னைத் தூக்கி என் மடியில போட்டா. 'அண்ணி, இவனுக்கு அப்பாவும் இல்ல, வேற யாரும் இல்ல. நீங்க போயிட்டா இவன் என்ன பண்ணுவான்'னா..."

அத்தை விக்கினார். "உன்னால உயிர் பிழைச்சேன். நீ அவளைத் திட்டறப்பல்லாம் சொல்லியிருக்கணும். சொன்னா என்னை விட்டு அவகிட்ட போயிடுவியோன்னு பயம். பாவிடா நான்!"

திரும்பிய மகன், தூணோரம் நின்ற தாயைப் பார்த்தான்.

"ஏம்மா... ஏம்மா சொல்லல?"

"அண்ணி தலை குனியக் கூடாதுன்னுதான்." அவள் மூச்சு வாங்கினாள். "ஆனா முழு உண்மை அதுவும் இல்லடா. எனக்கும் இந்தச் சபை வேணும்னு இருந்துச்சு. நீயும் வேணும், இதுவும் வேணும்... ரயில் ஏறறப்ப நீ இவங்க தோள்ல முகத்தைப் புதைச்சுக்குவ. குதிச்சு ஓடிவந்துடலாமான்னு இருக்கும். குதிக்கல. தியாகின்னு மட்டும் என்னைச் சொல்லிடாதே, தாங்காது!"

அவன் அவள் தோளில் சாய்ந்து குலுங்கினான். தன்னைவிட உயரமாக வளர்ந்துவிட்ட பிள்ளையின் முதுகை எங்கே தடவுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாக்கெடுப்பு மணி அடித்தது. கதவுகளைச் சாத்தப்போகிறார்கள்.

"அழுதுக்கிட்டு இருங்க... வந்துடறேன்!" கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் ஓடினாள்.

மயிரிழையில்தான் மசோதா நிறைவேறியது. மேசைகள் அதிர்ந்தன. மாடத்தில் கைதட்டக் கூடாது என்பது சபையின் விதி. அங்கே ஒருவன் எழுந்து நின்று தட்டினான். காவலர் அதட்டியும் நிறுத்தவில்லை. தட்டத் தட்டவே அவனை வெளியே இழுத்துப்போனார்கள்.

வாழ்த்துச் சொல்லப் பிரதமர் கையை நீட்டியபடி வந்தார்.

"மன்னிச்சுக்கோங்க, இதோ வந்துடறேன்," என்று அவரைத் தாண்டிப் படியிறங்கினாள்.

வாசலில் காவலர் அவன் கையை முறுக்கிப் பிடித்திருந்தார். "விடுப்பா, விடுப்பா" என்று அத்தை கெஞ்சிக்கொண்டிருந்தார். அமைச்சரைக் கண்டதும் காவலர் விறைத்தார்.

"கலாட்டா பண்ணினாரும்மா. யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு, அழறாரு..."

அவள் அண்ணியின் கையைப் பற்றிப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"எங்க ரெண்டு பேரோட பிள்ளை அவன். கையை விடுங்க."