எண் இல்லாத கம்பம்

எண் இல்லாத ஒரு கம்பம் பேசத் தொடங்கியிருந்தது.

ஜெயபாரதி முதலில் அதைத் தன் கண்ணின் அசதி என்றுதான் நினைத்தாள். லேப்டாப் திரையில் வயல்களின் நீர்மட்டம் வரிவரியாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு கம்பத்தின் எண் இருக்கும். அந்த ஒரு வரியில் மட்டும் அந்த இடம் காலி. மற்றபடி எல்லாம் முறையாகவே நடந்திருந்தது. கருவி கூப்பிட்டிருக்கிறது, பெட்டி பதில் சொல்லியிருக்கிறது, கருவி தன் அளவைத் தந்திருக்கிறது. நீர்மட்டம், தரைக்குக் கீழே ஆறடி.

நீர்மட்டம் அளக்க வயலில் நட்டிருக்கும் குழாயே ஒரு முழ நீளம்தான்.

அவள் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் மென்பொருள் பொறியாளர். விஞ்ஞானிகளின் பெயரில் வெளிவரும் கட்டுரைகளுக்குப் பின்னால் ஓடுகிற புரோகிராம்களை எழுதுவதும், அவை நின்றுபோனால் மறுபடி ஓடவைப்பதும் அவள் வேலை. அங்கே பாதிப் பேர் அவளைப் பிரிண்டர் சரிசெய்ய வந்த பெண் என்றே நம்பினார்கள். கண்டியூரிலிருந்து திருவையாறு வரைக்கும் சம்பா வயல்களில் கம்பங்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சென்சார், உள்ளங்கை அகலத்தில் சோலார் தகடு, ஒரு சின்ன ரேடியோ. அவை பேசுவதைக் கேட்கும் பெட்டி நிலையத்தில்தான் இருந்தது. ஐப்பசி மழையில் கட்டடம் ஒழுகவே, அதைப் பள்ளியக்கிரகாரத்தில் தன் வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்து, மொட்டைமாடியில் ஆன்டெனாவைக் கட்டினாள்.

"உங்க வீடு வயலை ஒட்டியே இருக்கும்மா, வசதியாப் போச்சு" என்றார் நிலையத் தலைவர். யாருக்கு வசதி என்று அவர் சொல்லவில்லை. கேட்கிற தெம்பு அவளுக்கும் இல்லை.

அடுத்த அறையில் மகள் குந்தவை தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பு. விடாத காய்ச்சல் இன்று சாயந்திரம்தான் வேர்த்து இறங்கியிருந்தது. எழுப்பாமல் தூங்கவிடச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. கணவன் பிரபு கத்தாரில். வீட்டில் வேறு யாரும் இல்லை. காலையில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து, பசிக்குது என்று சிணுங்க வேண்டும். இந்த இரவிடம் ஜெயபாரதி கேட்டது அவ்வளவுதான்.

இருட்டிய கையோடு கரண்ட் போயிருந்தது. இன்வெர்ட்டரின் உறுமலுக்கு மேலாக, கொல்லைப் பக்கத்து வயலின் தவளைச் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. சன்னல் வழியாக நனைந்த வைக்கோலும் அழுகிய களையும் கலந்த வாடை உள்ளே வந்து, காய்ச்சல் மருந்தின் தித்திப்பு வாசனையோடு சேர்ந்து, அவள் சேலையிலும் தலைமுடியிலும் படிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி. எண் இல்லை. நீர்மட்டம், தரைக்குக் கீழே ஐந்தடி.

பரணிதரனைக் கூப்பிட்டாள். இந்தப் புரோகிராமை முதலில் எழுதியவர் அவர்தான். இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார்.

"என்ன ஜெயா, பாதி சாப்பாட்டுல கூப்பிடுற? என்ன புட்டுக்கிச்சு?"

"ஒண்ணும் புட்டுக்கல பரணி அண்ணா. கருவி மூணு தடவை கூப்பிட்டாத்தான் பெட்டி பதில் சொல்லணும்னு எழுதி வச்சிருந்தீங்களே, அது எதுக்கு?"

அவர் சிரித்தார். "அதுவா? எங்க வீட்ல இருட்டுனப்புறம் வாசல்ல யாராச்சும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, முதல் கூப்பாட்டுக்கு வாயே தொறக்க மாட்டோம். மனுசன்னா திரும்பத் திரும்பக் கூப்பிடுவான். மத்ததுக்கு மூணாந்தடவை கூப்பிட வராதும்பாங்க. ஒரு குசும்புக்கு அப்படியே எழுதிட்டேன். மூணாவது தடவைக்கு 'வாங்க'ன்னு பதில் போகும். கம்பமா இருந்தாலும் மரியாதை வேணும்ல?"

"அதை எடுத்துட்டேன்ணா."

"எதை, மரியாதையவா?"

"மூணு தடவையை. மூட்டத்துல சோலார் ஏறவே மாட்டேங்குது. மூணு தடவை கூப்பிட்டே பேட்டரி செத்துப்போவுது. இப்ப முதல் தடவையே பதில் போயிடும். நம்ம கம்பம்தானான்னு பட்டியல்ல பாக்குறதையும் எடுத்துட்டேன். வயல்ல கருவியை மாத்திட்டு ஒருத்தரும் எனக்குச் சொல்றதில்ல."

மறுமுனையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அப்ப யார் கூப்பிட்டாலும், கேட்ட உடனே வாங்கன்னு சொல்லிடுது."

"ஆமா."

"இருட்டுனப்புறமும்."

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை.

"பழையபடியே போட்டுடும்மா. காரணம் கேக்காத, எனக்கே தெரியாது. பாப்பா எங்க?"

"தூங்குறா."

"போட்டுட்டு நீயும் போயி அவ பக்கத்துல..." என்றபோது தொடர்பு அறுந்தது.

அப்போதுதான் அவள் வரியின் கடைசி எண்ணைக் கவனித்தாள். சிக்னலின் பலம். எப்போதும் கழித்தல் கணக்கில் வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க, கருவி பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். எண் இல்லாத கம்பம் முதலில் கழித்தல் நூற்றிருபதில் பேசியிருந்தது. எங்கோ ஆற்றுக்கு அந்தப் பக்கம். அடுத்தது நூற்றைந்து. அதற்கும் அடுத்தது தொண்ணூறு.

கம்பங்கள் நகர்வதில்லை.

விரல்கள் பழக்கத்தில் ஓடின. எடுத்துவிட்ட வரிகளைத் தேடி, திரும்ப ஒட்டி, எழுத்துப்பிழை பார்த்து, பெட்டியை நிறுத்தித் தொடங்கினாள். பச்சை விளக்கு அணைந்து எரிந்தது. இதற்குள் அது எத்தனை முறை வாங்க என்று சொல்லியிருக்கும்? பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்கவில்லை.

அழைப்பு வந்தது. எண் இல்லை. கழித்தல் எழுபது.

பெட்டி பதில் சொல்லவில்லை. முதுகு வலித்தது. நாற்காலியில் அப்படியே சாய்ந்து தூங்கிவிடலாம் போலிருந்தது.

இரண்டாவது அழைப்பு. கழித்தல் ஐம்பத்தைந்து. பெட்டி பேசாமல் இருந்தது. மழை லேசாகத் தகரத்தில் விழுந்தது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. திரை நெடுநேரம் அசையவில்லை. இனி வராது. மூணாந்தடவை கூப்பிட வராது. அவள் கண்கள் தாமாக மூடின.

பீப்.

மூன்றாவது அழைப்பு. கழித்தல் நாற்பது. அதன் கீழேயே பெட்டியின் பதில்.

வாங்க.

பட்டியல். அவள் அன்றைக்கு எடுத்தது இரண்டு. திரும்பப் போட்டது ஒன்று. நம்ம கம்பம்தானா என்று கேட்கும் வரிகளை மறந்துவிட்டாள். அலுப்பில், சின்னப் பிள்ளை மாதிரி, மறந்துவிட்டாள்.

கழித்தல் நாற்பது என்றால் வயல் இல்லை. புதுக் கருவியை வீட்டு வாசலில் வைத்துச் சோதித்தபோது வந்த எண் அது. நீர்மட்டம் என்ற இடத்தில் இப்போது, தரைக்கு மேலே ஐந்தடி.

ஒரு ஆள் உயரம்.

வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு செத்தது. திரை அப்படியே உறைந்து நின்றது. பெட்டி ஊமையாகிவிட்டது. இனி யார் கூப்பிட்டாலும் அதற்குக் கேட்காது. பதில் சொல்லாது. முடிந்தது.

கொல்லையில் தவளைகள் ஒரே நேரத்தில் நின்றன.

இன்வெர்ட்டரின் உறுமல் மட்டும். அதற்கு அடியில், சேற்றிலிருந்து காலை உருவி எடுக்கும் சத்தம். ஒன்று. மறுபடி ஒன்று. பிறகு சிமெண்டுத் தரையில் ஈரம் பதியும் சத்தம். வாடை மாறியது. களை இல்லை, வைக்கோல் இல்லை. வாய்க்கால் தூர்வாரும்போது அடியிலிருந்து வருமே, வெயிலே பார்க்காத கறுப்புச் சேறு. அந்த வாடை.

கொல்லைக் கதவு தாழ் போட்டிருந்தது. அவள்தான் போட்டாள். நினைவிருக்கிறது.

நல்லாவே நினைவிருக்கிறது.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

"குந்தும்மா..."

காலையில் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பும்போது இழுப்பது போலவே இழுத்தது. கடைசியில் கொஞ்சம் கொஞ்சல். கொஞ்சம் அலுப்பு. ஜெயபாரதியின் கை தன் தொண்டைக்குப் போனது. அவள் வாய் மூடியிருந்தது.

அது அவள் குரல்.

ஓடினாள். நாற்காலி சரிந்தது. பிள்ளையின் காதைப் பொத்த வேண்டும். வாயைப் பொத்த வேண்டும். எட்டே எட்டு அடி வைத்தால் கட்டில். நிலைப்படியில் கால் இடறியது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். இருட்டில் அந்தச் சின்ன முகம் தெரிந்தது. கண் மூடியிருந்தது. நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. உதடு அசைந்தது.

"ம்..." என்றாள் குந்தவை தூக்கத்தில்.

குரல் இரண்டாவது முறை கூப்பிடவில்லை.

ஜெயபாரதிக்குக் காலும் நகரவில்லை, நாக்கும் எழவில்லை. ஏதோ ஒன்று சில்லென்று அவளை உரசிக்கொண்டு உள்ளே போனது. அவசரமே இல்லாமல் போனது, அந்த வீட்டுக்காரி போல.

மெத்தையின் மறுபாதி மெல்ல அமிழ்ந்தது. தலையணையில் ஒரு தலையின் அகலத்துக்குக் கறுப்பாக ஈரம் பரவியது. குந்தவை கண்ணைத் திறக்காமலே சுவரோரம் நகர்ந்து இடம் விட்டாள். பிறகு வழக்கம்போல் ஒரு பக்கமாகத் திரும்பி, கையைத் தூக்கிப் பக்கத்தில் போட்டாள்.

கை மெத்தையில் விழவில்லை. ஒரு இடுப்பின் உயரத்தில், காற்றில், தங்கி நின்றது. மூச்சு வாங்குவது போல, மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது.