டிக் டிக் சுவர்

அப்போது எனக்கு எட்டு வயதா, ஒன்பதா? சரியாக நினைவில்லை. யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதிலும் சந்தேகம்தான். அந்தச் சத்தம் மட்டும் மறக்கவில்லை.

பிறக்கப்போகும் பாப்பாவுக்காக அப்பா ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தார். சுவர்களெல்லாம் சாம்பல் கல். மின்நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலில் செய்தது.

சித்தப்பா பழைய இரும்புக் கிடங்கில் லாரி ஓட்டுபவர். வந்து இறங்கும் இரும்பில் கதிர்வீச்சு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி அங்கே உண்டு. அதை ஒருநாள் இரவல் வாங்கி வந்தார்.

"சாம்பல்ல கதிர்வீச்சு இருக்காம் அண்ணி, பாத்துருவோம்."

சுவரருகே வைத்தார்.

டிக்... டிக்... டிக்.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இந்த ரூம்ல என் பிள்ளையப் படுக்கவைக்க மாட்டேன்!"

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். "இடிச்சுரலாமா சார்?"

அப்பா சுவரைத் தடவிப் பார்த்தார். கருவி நிற்காமல் பேசிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரே குழப்பம். "சித்தப்பா, இந்தக் கல் இல்லாத இடத்துல சத்தம் வராதா?"

"வராது."

"வச்சுப் பாத்தீங்களா?"

சித்தப்பா தலையைச் சொறிந்தார். நான் கருவியை வாங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். டிக், டிக். மரத்தடியிலும் டிக், டிக். சமையலறைக் கருங்கல் மேடையில் வைத்தேன். டிக்டிக்டிக்டிக்!

"ஐயையோ, இதுலதானே தினமும் காய் நறுக்குறேன்!" என்றார் அம்மா.

"அப்போ சமையல்கட்டையும் இடிச்சுரலாமா சார்?" என்றார் கொத்தனார்.

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் குழப்பம் தீரவில்லை. எல்லா இடத்திலும் இருந்தால் அது நல்லதா, கெட்டதா?

"எவ்வளவு இருந்தா ஆபத்துன்னு தெரிஞ்சவங்ககிட்ட கேக்கலாமேப்பா" என்றேன்.

மறுநாள் அப்பா அந்தக் கற்களில் சிலவற்றைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தார். முடிவு வரும்வரை வேலை நின்றது.

கடைசியில் பரிசோதனைக் கூடத்து அக்கா சொன்னார்: "மண்ணு, கல்லு எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கும். சாம்பலுக்குச் சாம்பல் அளவு மாறும். அதனால அளந்துதான் சொல்லணும். உங்க கல் வரம்புக்குள்ளதான் இருக்கு. கல்லுலருந்து கசியுற கதிர்வீச்சு வாயு உள்ளயே தங்காம இருக்க ஜன்னல மட்டும் நல்லாத் திறந்து வைங்க."

கொத்தனார் ஒன்றுக்கு இரண்டு ஜன்னலாக வைத்தார். இப்போதெல்லாம் அவர் பரிசோதனைத் தாளைப் பார்க்காமல் சாம்பல் கல் இறக்குவதில்லை. சித்தப்பா இன்னும் லாரிதான் ஓட்டுகிறார். அன்று அம்மாவின் வயிற்றில் இருந்த தம்பி இப்போது என்னைவிட உயரம். அந்த அறைக்குள் என்னை விடுவதே இல்லை.