நீலத்தைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி

ஐந்து மில்லி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பது மில்லி என்று இருந்தது. குழந்தைகளுக்கான இருமல் மருந்தோடு வைக்கிற குறிப்புச்சீட்டு. கடைசி நேரத்தில் கண்டுபிடித்து நிறுத்திவிட்டதாக அச்சகத்துக்காரர் போனில் சொன்னார். திட்டக்கூட இல்லை, அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. பதினெட்டு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை திருத்துகிறவள். மூலத்தை எடுத்துப் பார்த்தாள். ஐந்து என்றுதான் தெளிவாக இருந்தது.

அவர்கள் வேலை செய்யும் முறையில் இது நடக்கவே கூடாது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கணவன் மூலத்தை வாசிப்பான், கமா, புள்ளி உட்பட. இந்தப் பக்கம் அவள் அச்சுப்படியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பாள். காதும் கண்ணும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே பிழை. அவன் ஐந்து என்று வாசித்திருந்தால் ஐம்பது அவள் கண்ணில் குத்தியிருக்கும். ஆனால் அன்று காதிலும் ஐம்பதுதான் விழுந்தது. அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

அவனிடம் சொன்னாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சிரித்தான். சிரிக்கும்போது அவள் கண்ணைப் பார்க்கவில்லை, அவள் போட்டிருந்த கண்ணாடியைப் பார்த்தான்.

மூன்று வாரத்துக்கு முன் அவன் வாங்கித் தந்த வாசிப்புக் கண்ணாடி. இரண்டு ஓரத்திலும் பயறளவு விளக்கு, நீல வெளிச்சத்தை உள்ளே விடாத மஞ்சள் சில்லு. "நீலத்தை இது அப்படியே திருப்பி அனுப்பிடும்," என்று அவனே அவள் காதில் மாட்டிவிட்டான். கேட்காமல் அவன் வாங்கித் தந்த முதல் பொருள். தங்கைக்குப் போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டாள். அதே வாரம் அறையின் டியூப்லைட் போனது. கண்ணிலேயே விளக்கு இருக்கே என்று அவன் மாற்றவில்லை. அதே வாரம்தான் வருஷக்கணக்காக அவனைப் படுத்திய இடது தோள்வலி விட்டது, அவளுடைய இடது தோள் கனக்கத் தொடங்கியது. உட்கார்ந்தே இருப்பதால் வருவது என்று தைலம் தேய்த்துக்கொண்டாள்.

அவன் மூலத்தைப் பார்க்காமல் ஒப்பேற்றுகிறானோ என்று ஒரு சந்தேகம். அடுத்த சீட்டு வந்ததும், 'குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்ற வரியில் 'எட்டாத' என்பதை 'எட்டும்' என்று மாற்றித் தனக்கு ஒரு படி எடுத்துக்கொண்டாள். திருத்தாத மூலத்தை அவனிடம் கொடுத்தாள்.

சாயங்காலம் உட்கார்ந்தார்கள். திரைச்சீலை இழுத்திருந்தது, கண்ணாடியின் இரண்டு விளக்கும் தாள்மேல் ஒரு தட்டளவு மஞ்சள் வட்டம் போட, அதற்கு அப்பால் மேஜை விளிம்பும் நாற்காலியும் புருஷனும் எல்லாம் ஒரே இருட்டாகக் கலந்து, மை வாசனையும் தைல வாசனையும் மட்டும் மூக்கில் நின்றன. குரல் ஆரம்பித்தது. அவனுடைய குரல்தான், அந்த லேசான மூக்கடைப்போடு, அவசரமில்லாமல், வரி வரியாக. அவள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவும், புள்ளி."

பென்சில் நின்றது. அந்தச் சொல் அவளிடம் இருந்த தாளில் மட்டும்தான் இருந்தது.

குரல் நிற்கவில்லை. அடுத்த வரி. அதற்கடுத்தது. அவள் முதல் தடவையாகக் குரலை விட்டுவிட்டு மற்றதைக் கேட்டாள். எதிரே தாள் சரசரக்கவில்லை. நாற்காலி முனகவில்லை. சமையலறையில் குழாய் திறந்தது. டம்ளர் நிரம்பியது. யாரோ இருமினார்கள்.

அவன் இருமல்.

குரல் வாசித்துக்கொண்டே இருந்தது. எதிரிலிருந்து அல்ல. இடது காதோரம்.

கதவு திறந்தது. டம்ளரோடு அவன் நின்றான். வாய் மூடியிருந்தது. அப்போதுதான் குரல் ஓய்ந்தது. வழக்கம்போல அவன் பார்வை அவள் கண்ணாடிச் சில்லில் போய் நின்றது. அங்கே எதையோ பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"கல்யாணத்துக்கு முந்தியிருந்தே என் தோள்ல இருந்துச்சு," என்றான். "அதுக்கு ஒரு தோள் வேணும். பார்த்தா நீ ஓடிப்போயிருப்ப. அதான் பார்க்காம இருக்கறதுக்கு இந்தக் கண்ணாடி வாங்கினேன்."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. பயத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது அழுகைதான்.

"சொல்லியிருக்கலாம்ல. பாதி நாள் நானே சுமந்திருப்பேனே."

"அது பாதி நாள்லாம் இருக்காது," என்றான், கிட்டத்தட்ட அன்பாக. டம்ளரைத் தரையில் வைத்தான். கதவைச் சாத்தினான். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. காலடி போயிற்று, இரண்டு தோளும் நேராக நிமிர்ந்தவனின் லேசான நடை.

இடது பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியமில்லை. கண்ணாடியைக் கழற்றினாள். தன்னைப் பார்த்து மெல்லத் திருப்பிப் பிடித்தாள்.

விளக்கு இரண்டும் அவள் முகத்தில் அடித்தன.

மஞ்சள் சில்லுகள் எதை உள்ளே விடவில்லையோ அதைத் திருப்பி அனுப்பின. இரண்டிலும் அவள் முகம். இரண்டிலும், அவள் தோள்மேல் முகவாயை ஊன்றிக்கொண்டு, தாளைப் பார்த்தபடி, ஒரு நீல முகம்.

அது தாளைவிட்டுக் கண்ணை எடுத்தது. சில்லு வழியாக அவளைப் பார்த்தது. வாய் திறந்தது.

"புள்ளி," என்றது, அவள் புருஷன் குரலில். அடுத்த வரியை வாசிக்கத் தொடங்கியது.