பத்தாவது குட்டி

“பத்து!” என்றார் அப்பா.

சிறுமி மிளகு திடுக்கிட்டுப் பார்த்தாள். பட்டிக் கதவில் அப்பா நீட்டிப் பிடித்திருந்த கோலுக்குக் கீழே நுழைந்து வந்தது பஞ்சு. அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த வெள்ளை ஆட்டுக்குட்டி!

“அப்பா, பஞ்சு வேண்டாம்ப்பா! அது கணக்கிலேயே கிடையாது!”

“நல்லா இருக்கே! இந்த யோசனையே உன்னோடதுதானே?”

உண்மைதான். ஜெபக்கூடத்தின் ஞாயிறு வகுப்பில் பாடம் சொல்லித்தரும் அத்தை தசமபாகத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். போரில் வென்று திரும்பிய ஆபிரகாம், தன்னை ஆசீர்வதித்த குரு மெல்கிசேதேக்குக்குப் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தாராம். யாக்கோபு கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்து, “நீர் தருவதில் பத்தில் ஒன்று உமக்கே” என்று கடவுளுக்கு வாக்குக் கொடுத்தாராம். பிறகு அவர்கள் வழிவந்தவர்கள் எல்லாருமே தானியத்திலும் ஆடுமாடுகளிலும் அப்படி ஒதுக்கினார்கள். கோயில் பணி செய்த, சொந்த நிலம் இல்லாத லேவியருக்கும், பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கும், கணவரை இழந்தவர்களுக்கும் அது சோறு போட்டது. ஆடுகளைக் கோலுக்குக் கீழே ஒவ்வொன்றாக விடுவார்கள். பத்தாவதாக வருவது கடவுளுடையது.

“நாமும் ஒரு குட்டி கொடுப்போம்ப்பா, தையல் அக்காவுக்கு!” என்று குதித்தவள் மிளகுதான். கணவர் இல்லாத தையல் அக்காவின் வீடு போன வாரம் தீப்பிடித்து எரிந்துபோயிருந்தது.

ஆனால், பஞ்சுவா மாட்ட வேண்டும்? மிளகின் உதடு துடித்தது.

“சரி சரி, அழாதே. வேற ஒண்ணைப் பிடி” என்றார் அப்பா.

மிளகு கொழுகொழுவென்று இருந்த கறுப்புக் குட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

தையல் அக்கா ஜெபக்கூடத்தின் பின்னறையில் தங்கியிருந்தார். வாசலிலேயே அத்தை எதிரே வந்தார். மிளகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“ஐயையோ, மாத்திட்டியா?” அத்தை கன்னத்தில் கைவைத்தார். “நல்லதா கெட்டதான்னு பார்த்து மாத்தக் கூடாது. மாத்தினா ரெண்டுமே கடவுளுக்குன்னு வேதத்துல இருக்கே!”

“ரெண்டுமா?” என்று மிளகு அலறினாள்.

“ரெண்டுமா?” அப்பா அவளைவிடச் சத்தமாக அலறினார்.

அத்தை சிரித்துவிட்டார். “அது அந்தக் காலத்துச் சட்டம். இங்க உங்களை யாரும் கட்டாயப்படுத்தலை. மனசார கொடுக்கிறதைக் கொடுங்க.”

அப்பாடா! மிளகு உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அறையில் ஒரு பாயும், கருகிப்போன தையல் இயந்திரமும்தான் இருந்தன. வேறு எதுவுமே இல்லை! மூலையில் அக்காவின் மகன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

“தீப்பிடிச்ச அன்னியிலிருந்து ஒரு வார்த்தை பேசலை” என்றார் அக்கா மெதுவாக.

துணையில்லாத கறுப்புக் குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு “மே! மே!” என்று கத்தித் தீர்த்தது. பையன் பயந்து காதுகளைப் பொத்திக்கொண்டான்.

மிளகு அவனைப் பார்த்தாள். சட்டென்று திரும்பி ஓடினாள்.

“ஏய், எங்க போற?” என்று அப்பா கத்தினார். அவள் நிற்கவில்லை.

திரும்பி வந்தபோது அவள் கையில் பஞ்சு இருந்தது. கீழே விட்டதும் கறுப்புக் குட்டியின் கத்தல் நின்றது. பஞ்சு யாரையும் கேட்காமல் நேராகப் பையனிடம் போய், அவன் சட்டை நுனியைக் கடித்து மெல்லத் தொடங்கியது.

“அம்மா! என் சட்டை!” என்றான் பையன்.

அக்கா அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். அப்பாவுக்கோ கயிற்றைப் பிடித்திருப்பதுகூட மறந்துபோயிற்று.

பையன் சட்டையை இழுத்தான். பஞ்சுவும் விடவில்லை. இழுபறியில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இதுக்கு என்ன பேரு?” என்று மிளகைக் கேட்டான்.

மிளகு பஞ்சுவின் முதுகை ஒருமுறை தடவினாள்.

“பஞ்சு” என்றாள். “ரெண்டு குட்டியும் இனி உனக்குத்தான். பஞ்சுவுக்குக் காதுக்குப் பின்னால சொறிஞ்சா ரொம்பப் பிடிக்கும். வா, காட்டித் தர்றேன்.”